மணலடியில் ஒண்டுக்குடித்தனம்: மஞ்சள் உழுவையும் சொடுக்கு இறாலும்

கடற்கழியின் மணல் தரையை மேலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். பவளத்தைப் பார்க்க வந்தவர்கள் அந்த மணலுக்கு மேலே நீந்திக் கடந்து போய்விடுவார்கள். கடக்காமல், தரையோடு தரையாகத் தாழ்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, கட்டைவிரல் நுழையும் அளவில் ஒரு பொந்து தெரியும். அதன் வாயில் மஞ்சளாக ஒரு தலை. தடித்த உதடு, உச்சந்தலையில் எடுத்து வைத்தது போல இரண்டு கண்கள், கன்னத்திலும் முன்முதுகிலும் பொடிப்பொடியாக நீலவெள்ளைப் புள்ளிகள். மீன் மெல்ல வெளியே வந்து மார்புத் துடுப்பை ஊன்றி உட்காரும். வால் பக்கம் மட்டும் பொந்தை விட்டு விலகாது.

சற்று நேரத்தில் அதன் பின்னால் மணல் சரியும். இரண்டு கொடுக்கையும் முன்னால் சேர்த்து, மண் தள்ளும் இயந்திரம் போல ஒரு குவியலைத் தள்ளிக்கொண்டு ஓர் இறால் வெளியே வரும். வாசலுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டிவிட்டுப் பின்னோக்கி உள்ளே போகும். மறுபடி வரும். இப்படியே மதியம் வரை. இதில் கவனிக்க வேண்டியது இறாலின் உணர்கொம்பு. உடம்பை விட நீண்ட அந்தக் கொம்புகளில் ஒன்று, வெளியே இருக்கும் நேரம் முழுக்க மீனின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். மீன் ஓர் அங்குலம் நகர்ந்தால் கொம்பும் நகரும். குருடர் ஒருவர் துணைக்கு வந்தவரின் தோளில் கை வைத்து நடப்பது போலத்தான். இறாலுக்குப் பார்வை மந்தம்.

மீனின் அறிவியல் பெயர் கிரிப்டோசென்ட்ரஸ் சிங்க்டஸ். 1936-இல் பெயரிட்டவர் ஆல்பர்ட் ஹெர்ரே, பிலிப்பைன்ஸ் மீன்களைப் பற்றி நிறைய எழுதிய அமெரிக்கர். வளர்ந்த மீன் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேற்குப் பசிபிக்தான் அதன் ஊர்: சிங்கப்பூர், ஜப்பானின் யாயேயாமா தீவுகள், பலாவு, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு. ஆழம் அதிகம் வேண்டாம். ஒரு மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் வரையுள்ள, அலை அடங்கிய கழியும் விரிகுடாவும் போதும். ஆற்றிலும் குளத்திலும் தரையோடு ஒட்டிக் கிடக்கும் உழுவை மீனை நமக்கெல்லாம் தெரியும். அதே குடும்பம்தான் இது, அதனால் மஞ்சள் உழுவை என்றே இங்கே சொல்கிறேன். பழந்தமிழில் உழுவை என்றால் புலி. இந்த மீனோடு குடியிருக்கும் வரிபோட்ட இறாலையும் தொட்டிக் கடைகளில் 'டைகர் பிஸ்டல்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வாங்கித் தொட்டியில் வளர்ப்பவர்களில் பலர் இந்த மீனை இழக்கிறார்கள். தண்ணீர் சோதனை எல்லாம் சரியாக இருக்கும், உணவும் போயிருக்கும், ஆனாலும் ஒரு மாதத்தில் மீன் காணாமல் போயிருக்கும். காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் அடியில் இருக்கும் மணலில் போய் நிற்கும். மற்ற மீன்கள் தண்ணீரில் வாழ்கின்றன. இது பொந்தில் வாழ்கிறது. பொந்தை முதலில் புரிந்துகொண்டால் மீனைப் பற்றிப் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.

மணல் வெளியில் மறைய இடமில்லை. பாரை மீன் கூட்டம் மேலே சுற்றும், தும்பிலி மணலில் புதைந்து காத்திருக்கும். விரல் நீள மீன் ஒன்று அங்கே பிழைக்க வேண்டுமென்றால் ஒரு வளை வேண்டும். உழுவைக்கு இந்த மணலில் நிலைக்கும் வளை தோண்ட வராது. இறாலுக்குத் தோண்ட வரும், ஆனால் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆக, கை ஒருவருடையது, கண் ஒருவருடையது. இப்படிச் சேர்ந்து வாழும் உழுவை இனங்கள் நூறுக்கு மேல் உண்டு, அல்ஃபியஸ் பேரினத்துச் சொடுக்கு இறால்கள் இருபதுக்கு மேல். செங்கடலில் இந்தக் கூட்டுவாழ்வை விரிவாக எழுதியவர் ஆய்வாளர் வோல்ஃப்காங் லூதர், 1958-இல். அதன் பிறகு இஸ்ரேலின் எய்லாத் கடற்கரையில் இலான் கார்ப்ளஸ் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, மீனும் இறாலும் என்ன பேசிக்கொள்கின்றன என்பதைப் பதிவு செய்தார்.

பேச்சு என்பது வால்தான். ஆபத்து என்று மீனுக்குத் தோன்றினால் வாலைச் சட்டென்று சிலுப்பும். கொம்பு வழியாக அது இறாலுக்கு எட்டும், இறால் போட்டதைப் போட்டபடி பின்வாங்கும். ஆபத்து இன்னும் கிட்டே வந்தால் வால் அசைவோடு நிற்காது, மீனே தலைகீழாக உள்ளே பாயும். அந்த நேரம் வாசலில் இறால் இருந்தால் இரண்டும் மோதிக்கொண்டுதான் இறங்கும். உள்ளிருந்து வெளியே வர நினைக்கும் இறாலும் முதலில் கொம்பை நீட்டி மீனைத் தொட்டுப் பார்க்கும். மீன் வாசலில் இல்லை என்றால் வராது. இதனால்தான் மீன் இல்லாத இறால் இளைக்கிறது: வெளியே மேய்வதற்கும் மண் அள்ளுவதற்கும் கிடைக்கும் நேரம் குறைந்துபோகிறது. மீனின் எச்சத்தையும் இறால் தின்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்குள் எதுவும் வீணாவதில்லை.

ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? செங்கடல் இனங்களை வைத்து 1972-இல் வெளியான ஆய்வு சொல்வது இது: மீன் இறாலைக் கண்ணால் பார்த்து வருகிறது, இறால் மீனை நீரில் கரைந்து வரும் வாசனையால் அறிந்து வருகிறது. தொட்டியில் இரண்டையும் சேர்க்கும்போது இது உதவும். தண்ணீர் ஓட்டம் மீன் இருக்கும் பக்கத்திலிருந்து இறால் பக்கம் வருமாறு பம்பைத் திருப்பி வைத்தால் இறாலுக்கு வழி தெரியும்.

இனி வளை. இயற்கையில் அது ஒரு மீட்டருக்கு மேலும் நீளும், கிளை பிரியும், நடுவில் அறைகள் இருக்கும். வாய் ஒரே இடத்தில் நிற்காது. இறால் தோண்டத் தோண்ட ஒரு பக்கம் சரியும், இன்னொரு பக்கம் திறக்கும். சரியாமல் தாங்குவது எது என்பதுதான் கேள்வி. கழி மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினால் பதில் கிடைக்கும். எல்லாம் ஒரே அளவுப் பொடி அல்ல. கிளிமீன் பவளத்தைக் கரம்பித் தின்று கழித்த வெள்ளைத் தூள் இருக்கும், ஹாலிமேடா பாசியின் சுண்ணாம்புச் செதில் இருக்கும், சிப்பி உடைசல், சுண்டுவிரல் நுனி அளவுப் பவளத் துண்டு எல்லாம் கலந்து கிடக்கும். யாயேயாமா தீவுகளில் கடற்கரை மணலிலேயே நட்சத்திர வடிவ ஓடுகள் கிடக்கின்றன. ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரியின் கூடுகள் அவை. இறால் இந்தக் கலவையைத் தரம் பிரிக்கிறது. பொடியை வெளியே தள்ளுகிறது. பெரிய துண்டை மட்டும் கொடுக்கில் கவ்வி உள்ளே இழுத்துப் போய்ச் சுவரிலும் கூரையிலும் பதிக்கிறது. கொத்தனார் கருங்கல் கட்டுவது போல, சரியாக உட்காரவில்லை என்றால் பிடுங்கித் திருப்பி வைக்கும். கண்ணாடியோரம் வளை அமைந்தால் இதை நேரில் பார்க்கலாம். ஒரு சிப்பித் துண்டை மூன்று முறை திருப்பி, நான்காவது முறை நிமிர்த்தி இடுக்கில் அழுத்தும். பிறகு சிறு கல் ஒன்றைக் கொண்டுவந்து அடியில் ஆப்பு வைக்கும்.

அதனால்தான் தொட்டிக்கென்று கடையில் கிடைக்கும் மாவு போன்ற ஒரே அளவு வெள்ளை மணல் மட்டும் போதாது. அழகாக இருக்கும், வளை நிற்காது. இறால் இரவும் பகலும் தோண்டும், தோண்டத் தோண்டச் சரியும். களைத்து ஒரு கல்லுக்கடியில் ஒண்டும். வாசல் இல்லாததால் மீன் கூட்டு சேராது. இறால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்கள்.

கணக்கைப் போட்டுவிடுவோம். தொட்டியின் உயரம் இங்கே முக்கியமில்லை, தரைப் பரப்புதான் முக்கியம். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்றால் சுமார் 108 லிட்டர் கொள்ளளவு. ஒரு மீனும் ஓர் இறாலும் தாராளமாக இருக்கும். மணல் 7 செ.மீ. ஆழம் வேண்டும். 60×45×7 என்றால் ஏறக்குறைய 19 லிட்டர் மணல், எடையில் 28 கிலோ அளவுக்கு வரும். இதில் 20 கிலோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அரகோனைட் (சுண்ணாம்பு) மணல், 5 அல்லது 6 கிலோ 2 முதல் 5 மி.மீ. வரையுள்ள பருமணல், மிச்சம் 1 முதல் 3 செ.மீ. வரையுள்ள துண்டுகள். மூன்றையும் அடுக்காகப் போடாமல் கலந்து போடுங்கள். துண்டுகளில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து, வளைவாய் எங்கே வருகிறதோ அதன் அருகே பிறகு தூவுங்கள். இறால் அதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

இந்தியாவில் வளர்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ராமேஸ்வரத்துப் பக்கம் கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டைப் பொறுக்கிவந்து தொட்டியில் போடக்கூடாது. திட்டு கட்டும் பவளங்கள் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சமையலறையிலிருந்து வரும் மட்டி ஓடும் சிப்பி ஓடும் போதும். நன்றாகக் கொதிக்கவைத்து, சதை ஒட்டாமல் சுரண்டி, வெயிலில் காயவைத்து, துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி உடையுங்கள். கூர்முனைகளைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்குங்கள். தட்டையான ஓட்டுத் துண்டு கூரை வேய மிக நல்லது. இறால் அதைத்தான் முதலில் தேடி எடுக்கும். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். உடைத்த கல்லின் விளிம்பு கூர். உழுவை மணலை வாய்நிறைய அள்ளிச் சலித்து இரையைப் பிரித்துவிட்டுச் செவுள் வழியாக வெளியேற்றும் மீன், கூர்மணல் செவுளைக் கிழிக்கும்.

பாறை வைக்கும் முறை. இதில் தவறினால் மீனும் இறாலும் நசுங்கிச் சாகும், அதுவும் நடு இரவில். மணலைப் போட்டுவிட்டு அதன்மேல் பாறை வைக்காதீர்கள். இறால் பாறைக்கு அடியில்தான் தோண்டும், ஏனென்றால் அங்கேதான் கூரை தயாராக இருக்கிறது. மணல் வெளியேறியதும் பாறை உட்காரும். முதலில் வெறும் கண்ணாடித் தரையில் மெல்லிய பிளாஸ்டிக் வலையோ தகடோ விரித்து அதன்மேல் பாறையை நிறுத்துங்கள். கையால் ஆட்டிப் பாருங்கள், அசையக்கூடாது. அடியில் இடம் விட வேண்டுமானால் 5 செ.மீ. உயர பிவிசி குழாய்த் துண்டுகள் மூன்றைக் கால்களாக வைத்து அவற்றின்மேல் பாறையை ஏற்றுங்கள். அதற்குப் பிறகுதான் மணல்.

ஆரம்ப வளை ஒன்றை நீங்களே அமைத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. 20 முதல் 25 மி.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பாறையோரமாகச் சாய்வாகப் புதையுங்கள். ஒரு வாய் மணலுக்கு வெளியே, மறுவாய் பாறைக்கடியில். குழாயின் அடிப்பக்கத்தை நீளவாக்கில் அறுத்துத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது, அங்கிருந்து இறால் பக்கவாட்டில் கிளை தோண்டும். சில வாரங்களில் குழாயை விட்டுவிட்டுச் சொந்த வளைக்குப் போய்விடும். எடுக்காதீர்கள், பின்வாசலாக இருக்கட்டும்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உப்பளவு லிட்டருக்கு 35 கிராம், அடர்த்தி எண்ணில் 1.025-ஐ ஒட்டி. வெப்பம் 24 முதல் 27 டிகிரி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே. புதுத் தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி, அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவது, முடிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்கு முன் எதையும் விடாதீர்கள். நம் ஊர் மே மாதத்தில் சிக்கல் வெப்பம்தான். விசிறி வைத்தால் தண்ணீர் இரண்டு டிகிரி இறங்கும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் அதுவும் இறங்காத நாட்கள் உண்டு. விசிறி ஓடினால் ஆவியாதல் கூடும், உப்பு ஏறும். மீன் தாங்கிவிடும், இறால் தாங்காது. தினமும் காலையில் ஆர்.ஓ. நீரால் குறைந்த அளவை நிரப்புங்கள், உப்புநீரால் நிரப்பாதீர்கள். மின்சாரம் போனால் முதலில் மூச்சுத் திணறுவது வளைக்குள் இருப்பவர்கள்தான், அங்கே நீரோட்டமே இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் ஆனாலும் வேறெங்கே ஆனாலும், கடைக்காரரை முதலில் உணவு போடச் சொல்லுங்கள். மீன் எழும்பி வந்து கவ்வ வேண்டும். வயிறு உள்வாங்கியிருந்தால், தலைக்குப் பின்னால் முதுகு கத்திபோல ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இந்த இனத்தில் மஞ்சளும் உண்டு, சாம்பல் கலந்த பழுப்பில் பட்டைபோட்டதும் உண்டு, ஒரே மீன் நிறம் மாறுவதும் உண்டு. இரண்டு மீனை ஜோடி என்று நினைத்து வாங்கிவந்து, ஒன்று மற்றதன் துடுப்பைக் கிழித்துப் போடுவது அடிக்கடி நடக்கிறது. கடையிலேயே ஒரே குழியில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இரண்டைப் பார்த்தால் எடுங்கள், இல்லையென்றால் ஒன்று போதும். வளர்ப்பிடத்தில் பிறந்த குஞ்சு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுப்பதே சரி. கடலிலிருந்து ஒரு மீன் குறையாது, அது உலர் உணவுக்கும் பழகியிருக்கும்.

இறாலில் இரண்டு இனங்கள் பொருந்தும். அல்ஃபியஸ் பெல்லுலஸ் தடித்தது, பழுப்பும் வெள்ளையுமாக வரிபோட்டது, தோண்டுவதில் சளைக்காதது. அல்ஃபியஸ் ராண்டாலி ஒல்லியானது, சிவப்புப் பட்டைகள் கொண்டது, சிறிய தொட்டிக்கு ஏற்றது. கடையில் பொதுவாக 'பிஸ்டல் இறால்' என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் மீனோடு சேரும் என்று எண்ணக்கூடாது. பாறையிடுக்கில் தனியே வாழும் இனங்களே அதிகம். அவை உழுவையைப் பக்கத்தில் சேர்க்காது.

இறாலை முதலில் விடுங்கள். முதலில் தொட்டி நீரைப் பை நீரில் சொட்டுச் சொட்டாக விட்டு இறாலைப் பழக்குங்கள், 45 முதல் 60 நிமிடம், விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டு. ஆனால் பை நெடும்பயணம் வந்ததென்றால் பழைய நீரிலேயே நீண்ட நேரம் வைத்திருக்காதீர்கள். பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா வீரியம் குறைந்து கிடக்கும். திறந்து காற்றுப்பட்டதும் பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். அப்படி வந்த பைக்கு, உப்பளவைப் பொருத்தி வைத்த புது நீருக்கு உடனே மாற்றுவதே பாதுகாப்பு. பிறகு ஓர் அகலக் குழாயின் ஒரு முனையை நீங்கள் புதைத்த வளைவாயில் வைத்து, மறுமுனையில் இறாலை நழுவ விடுங்கள். திறந்த நீரில் விட்டால் கண்ணில் பட்ட முதல் இடுக்கில் நுழைந்துகொள்ளும், அது மீன் இருக்கும் மூலைக்கு எதிர்மூலையாகத்தான் அமையும். மறுநாள் விளக்கை அணைத்துவிட்டு மீனை அதே வாயருகே விடுங்கள். சில மணி நேரத்தில் சேர்ந்ததும் உண்டு, மூன்று வாரம் எடுத்ததும் உண்டு. இடையில் பாறையைத் தூக்கிப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

மூடி இல்லாத தொட்டியில் இந்த மீனை விடாதீர்கள். தரையில் உட்காரும் மீன் எங்கே குதிக்கப்போகிறது என்று நினைப்பார்கள். வளை உறுதியாகாத முதல் இரவுகளில், அல்லது விளக்கு திடீரென்று அணையும்போது, அம்பு போல மேலே கிளம்பும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். 6 மி.மீ. கண்ணுள்ள வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே போடுங்கள். மின்கம்பி நுழையும் மூலையையும் அடையுங்கள், சரியாக அங்கேதான் வெளியே போகும்.

உணவு தேடி இது அலையாது, வாசலில் உட்கார்ந்தபடியே கிடைப்பதைத்தான் எடுக்கும். வேகமாக நீந்தும் மீன்கள் மேலேயே எல்லாவற்றையும் தின்றுவிட்டால் இதற்கு மிஞ்சாது. உறைந்த மைசிஸ், ஆர்ட்டீமியா என்ற இறால் போன்ற சிற்றுயிர்கள், பொடியாக நறுக்கிய இறால் சதை ஆகியவற்றை நீண்ட பிப்பெட்டில் எடுத்து, பம்பைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, வளைவாய்க்கு ஒரு சாண் மேலே மெல்ல விடுங்கள். ஒரு நாளில் இரண்டு வேளை, மீனின் கண் அளவில் ஐந்தாறு துண்டு. இறாலுக்கென்று தனியாக மூழ்கும் உருண்டை ஒன்று, வாரத்தில் ஒருநாள் கடற்பாசித் துணுக்கு. உழுவை அந்த உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு வளைக்குள் போவதைப் பார்ப்பீர்கள். அது இறாலுக்கு ஊட்டுகிறதா, தானே மறைவில் தின்னப் போகிறதா என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். எப்படியானாலும் கீழே சிந்துவது இறாலுக்குத்தான்.

இறாலின் சொடுக்கு. பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் நீர் ஒரு தாரையாகப் பீறிடும், விநாடிக்கு சுமார் 25 மீட்டர் வேகத்தில். அதன் பின்னால் ஒரு குமிழி உண்டாகி உடனே நொறுங்கும். சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் மிஷெல் வெர்ஸ்லூயிஸும் டெட்லெஃப் லோசேயும் சகாக்களும் 2000-ஆம் ஆண்டு காட்டியது, அது குமிழி நொறுங்கும் சத்தம் என்பதை. மறுவருடம் அந்த நொடியில் 5,000 கெல்வினுக்குக் குறையாத வெப்பத்தோடு மெல்லிய ஒளியும் தோன்றுவதைப் பதிவு செய்தார்கள். நடு இரவில் தொட்டியிலிருந்து கண்ணாடி விரிசல் விடுவது போல 'டக்' என்று கேட்டால் பதறாதீர்கள். இந்த அளவு இறாலால் தொட்டி உடையாது.

தோல் உரித்தலில்தான் அநேகர் ஏமாறுகிறார்கள். ஒருநாள் காலை வாசலில் இறால் செத்துக் கிடக்கும். கொம்பு முதல் வால் வரை முழுசாக இருக்கும். எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே ஒன்றுமில்லாமல் கண்ணாடித்தாள் போல இருந்தால், தலை ஓட்டுக்கும் உடலுக்கும் நடுவே மேல்பக்கம் பிளந்திருந்தால், அது சட்டைதான். ஆள் உள்ளே இருக்கிறது. இரண்டு மூன்று நாள் வெளியே வராது, ஓடு கெட்டியாகும் வரை காத்திருக்கும். அந்த நாட்களில் மீன் மட்டும் தனியாக வாசலில் இருக்கும். பெரிய கொடுக்கு ஏதாவது சண்டையில் உடைந்துபோனால் அடுத்த உரிப்புக்குப் பின் ஒரு விசித்திரம் நடக்கும்: சின்னதாக இருந்த மறுகொடுக்கு சொடுக்கும் கொடுக்காக வளர்ந்து வரும், இழந்த இடத்தில் சிறியது முளைக்கும். இடது வலது இடம் மாறிவிடும்.

மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தொட்டியில் செம்பு மருந்து ஊற்றாதீர்கள். செம்பு இறாலைக் கொல்லும். மணலிலும் பாறையிலும் ஊறிக்கொண்டு பிறகு நெடுநாள் கசியும். மீனை மட்டும் பிடித்துத் தனித் தொட்டியில், ஒரு குழாய்த் துண்டைக் கொடுத்து, அங்கே மருத்துவம் செய்யுங்கள். குழாய் இல்லாமல் வெறும் தொட்டியில் விட்டால் நோயை விட பயமே முதலில் கொன்றுவிடும். சரி, பிடிப்பது எப்படி? வலையோடு துரத்திப் பயனில்லை. விளக்கு அணைத்த பிறகு வளை மூலையைத் தொடாமல், மறுநாள் உணவு நேரத்தில் மீன் வெளியே வந்து நிற்கும்போது, அதற்கும் வாசலுக்கும் நடுவே ஒரு தகட்டை இறக்குங்கள்.

யாரோடு வைக்கக்கூடாது என்றால், இறாலைத் தின்னும் பருந்துமீன், கிளாத்தி வகை, சிங்கமீன். மணலை ஓயாமல் சலிக்கும் வலென்சியன்னா உழுவையும் கூடாது. பகையால் இல்லை, அது தினமும் கூரையைப் பிரித்துப்போடும். பொடி நத்தையும் மிகச் சிறிய அழகு இறால்களும் சொடுக்குக்கு இரையாகலாம். தரையில் வைத்த பவளத் துண்டுகளை இறால் மணலில் புதைத்துவிடும், ஆகவே அவற்றைப் பாறைமேல் ஒட்டுங்கள்.

முட்டை வளைக்குள்தான். ஜப்பானில் யானாகிசாவா 1980-களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த உறவினமான அம்பிளியெலியோட்ரிஸ் ஜப்பானிகா, முட்டைகளை அறையின் கூரையில் ஒட்டுகிறது. ஆண் காவல் இருக்கிறது. இறால் கட்டிய கூரை ஒழுங்காக இருந்தால்தான் அடுத்த தலைமுறை. பொரிந்த குஞ்சு நீரோடு மிதந்து போய்விடும், வேறு எங்கோ ஒரு மணல் வெளியில் இறங்கி, வேறு ஒரு இறாலைத் தேடும். அந்த மணல் வெளி இருந்தாக வேண்டும். பவளத்தைக் காக்கும் பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் 'பவளத்தில் படாமல் மணலில் நங்கூரம் போடு' என்று சொல்லும்போதே மணல் வெறும் இடம் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. கழியைத் தூர்வாரும்போதும் விடுதிக்கு மணல் உறிஞ்சும்போதும் எத்தனை வளை போயிற்று என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. நங்கூரம் மணலில்தான் விழ வேண்டும், சந்தேகமில்லை. அதற்கு முன் ஒரு நிமிடம் கீழே பார்த்துவிட்டுப் போட்டால் நல்லது.

மாலத்தீவில் இறங்கிப் பார்ப்பவர்களுக்கு மஞ்சள் உழுவை கிடைக்காது, உறவினர்கள் கிடைக்கும்: அம்பிளியெலியோட்ரிஸ் அரோரா, அம்பிளியெலியோட்ரிஸ் ஸ்டெய்னிட்சி. காலை வேளை நல்லது. வெயில் முகத்துக்கு நேராக இருக்கட்டும், முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் நிழல் வளைமேல் விழும். நிழல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தரையைத் தொடாமல் தாழ்ந்து வந்து இரண்டு மீட்டரில் நில்லுங்கள். மீன் உள்ளே போய்விட்டால் திரும்பிப் போகாமல், மூச்சைச் சீராக விட்டபடி ஐந்து நிமிடம் காத்திருங்கள். முதலில் மூக்கு வரும். பிறகு கண். இறால் வந்துவிட்டதென்றால் உங்களை ஏற்றுக்கொண்டாயிற்று, இன்னும் அரை மீட்டர் கிட்டே போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சாயங்காலம் வெளிச்சம் மங்க மங்க இறாலின் நடை குறையும். கடைசிச் சுமையைக் கொட்டிவிட்டு உள்ளே போகும், பின்னாலேயே மீனும் போகும். தள்ளிவிட ஆளில்லாததால் விளிம்பு மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து பெரும்பாலும் வாய் மூடிக்கொள்ளும். தொட்டியிலும் இதேதான். காலையில் பொந்தைக் காணவில்லையே என்று கம்பியை விட்டுக் கிளறாதீர்கள். விளக்கு போட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். மணலில் ஓர் இடம் கொப்புளம் போல எழும்பும்.